நான்கில் கால் வைக்காதீர்கள்

பதினோரு பேர். ஒற்றைப்படை.
அப்போதே தெரிந்துவிட்டது,
இன்று ஒருவர் என் தலையில்தான்.

ஃபஹார்தோ படகுத்துறையில்
மிதவை அங்கிகளை நீட்டியபடி எண்ணினேன்:
நியூஜெர்சியிலிருந்து ஒரு தேனிலவு ஜோடி,
கொசுமருந்தைக் கழுவச் சொன்னதற்கு
முகம் சுளித்த நான்கு பல் மருத்துவர்கள்,
போன்ஸேயிலிருந்து நான்கு அக்கா தங்கைகள்,
கடைசியாக எலியூத் மறேரோ,
பயாமோனில் மின்கம்பம் ஏறுகிறவர்.
சீட்டு மகள் தந்த பரிசாம்.

"இருட்டுக்குக் காசு கொடுப்பது
இதுதான் முதல் தடவை" என்றார்.
போன்ஸே பெண்கள் மட்டும் சிரித்தார்கள்.
புயலுக்குப் பிறகு ஏழு மாதம்
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சாப்பிட்டவர்கள்.

இரட்டைக் கயாக்கில் அவர் முன்னே, நான் பின்னே.
ஒவ்வொரு படகின் வாலிலும் ஒரு சிவப்புப் பொட்டு.
அலையாத்திக் கால்வாய்க்குள்
குனியுங்கள், இடது, இடது, ஐயோ இடது.
வேரிலிருந்து ஒரு நண்டு
பல் மருத்துவர் மடியில் விழ
தவளைகள்கூட ஒரு நொடி வாயை மூடின.

காயல் திறந்தது. நிலா இல்லை.
விளக்குகளை அணைக்கச் சொன்னேன்.
துடுப்பு இறங்கிய இடத்தில்
நீலம்.

வழக்கமான பாடத்தை ஒப்பித்தேன்:
கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்,
சும்மா விட்டால் ஒளிராது,
சீண்டினால்தான்.
"எங்கள் அலுவலகம் மாதிரி" என்றார்.
ஆனால் எல்லோரும் நீரை அளைந்தபோது
அவர் கை மட்டும் பின்வாங்கியது.
நீலப் பொறியைத் தொடாதே என்பது
இருபத்தாறு வருடப் பழக்கம்.
அடியில் ஒரு பெரிய மீன்
அறுந்த கம்பிபோல் மின்னி ஓடியது.
அவர் மூச்சு விட்டது பின்னால் எனக்குக் கேட்டது.

பிறகு கரை.
மிக்தாலியாவின் கடை, பொரியும் மீன்வடை,
உப்பு காயாத கால்சட்டைகளோடு சல்சா.
இந்தப் பாதிக்கு வில்பெர்த்தோ இருந்தான்.
ஒர்லாண்டோ போய் இரண்டு வருடம்.
அவன் அடிகளையும் இப்போது நானே வைக்கிறேன்.

ஒன்று இரண்டு மூன்று,
ஐந்து ஆறு ஏழு.
நான்கு உண்டு, எட்டு உண்டு,
அவற்றில் கால் வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எலியூத் வைத்தார்.
சரியாக, பலமாக, ஒவ்வொரு நான்கிலும்,
இரண்டு முறை என் பெருவிரல் மேல்.
"கம்பத்தில் ஒரு காலை அந்தரத்தில் விட்டவன்
எவனும் ஓய்வூதியம் வாங்கியதில்லை, அம்மா."

ட்ரம்பெட் உச்சியில் இருந்தது.
மின்சாரம் போனது.

கடை, தெருவிளக்கு, எதிர்க்குன்றின் வீடுகள்,
குளிர்பெட்டியின் முனகல், எல்லாம்.
இருட்டிலும் தெரிந்தது
எல்லா முகங்களும் அவர் பக்கம் திரும்பியது.
"எனக்கு இன்று விடுமுறை" என்றார்.

மூத்த சகோதரி ஒஃபீலியா
கரண்டியால் பாட்டிலைத் தட்ட ஆரம்பித்தாள்.
மூன்று தட்டு, இடைவெளி, இரண்டு தட்டு.
யார் இழுத்தார்களோ, நீரோரம் வந்துவிட்டோம்.
காயல் கடலோடு கலக்கும் ஓரம் அது,
எப்போதாவதுதான் அந்த ஒளி அங்கே வரை வரும்.

வந்திருந்தது. மங்கலாக.
மிதித்த இடம் ஒளிர்ந்து அணைந்தது.
ஒன்று. இரண்டு. மூன்று.
பிறகு கறுப்பு நீர்,
அதன்மேல் அவர் கால்
இறங்காமல்
எனக்குத் தெரியும், நடுங்கிக்கொண்டு,
இறங்காமல்.
ஐந்து.

கழுத்தில் தொங்கிய பிளாஸ்டிக் உறைக்குள்
தொலைபேசி வெளிச்சமாகத் துடித்தது.
பயாமோன் எண்தான்.
அவர் இடுப்பு நிற்கவில்லை.
"ஏழு வரைக்கும் இரு" என்றார்,
அதனிடமா என்னிடமா,
தெரியவில்லை.